கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை

என் சித்தப்பாவின் மருத்துவ வரலாற்றை வருஷா வருஷம் தேதி போட்டு எழுதி வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் கடைத்தெரு டெய்லர் பாய். தீபாவளிக்குத் தீபாவளி பேன்ட் தைக்கப் போனால் அவருடைய நீள நோட்டில் சித்தப்பாவின் இடுப்பளவு ஏறும். முதலில் 30. அப்புறம் 33. அப்புறம் 36, 40, 43. ஒவ்வொரு தடவையும் டேப்பின் இரண்டு முனையையும் பிடித்தபடி பாய் என் அப்பாவைப் பார்ப்பார்.

“என்னண்ணே, தம்பிக்கு ஒடம்பு வெச்சுக்கிட்டே போவுது. டாக்டர்ட்ட காட்டுறீங்கள்ல?”

காட்டினோம். மாசம் தவறாமல் காட்டினோம். டாக்டர்தான் பார்க்கவில்லை.

அப்படிச் சொல்வதும் பாவம். பார்த்தார்கள், தலையைப் பார்த்தார்கள். சித்தப்பாவுக்கு 24 வயதில் மனச்சிதைவு வந்தது. ஸ்கிசோஃப்ரினியா என்று நோட்டில் எழுதினார்கள். எழுதிய அந்த நிமிஷத்திலிருந்து கழுத்துக்குக் கீழே அவருக்கு இருந்த சாமான்கள் அத்தனையும் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டன. நெஞ்சு, ஈரல், கிட்னி, கால்விரல் பத்து, எல்லாம். கழுத்துக்கு மேலேயே பல்லையும் கண்ணையும் கழித்துவிட்டார்கள். மிச்சம் மூளை மட்டும். அதுவும் பழுதான மூளை என்பதால் அது சொல்லும் எதையும் நம்பக் கூடாது.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். உங்கள் ஊர்ப் பெரியாஸ்பத்திரி என்றே வைத்துக்கொள்ளுங்கள், பொருந்தும். மனநல ஓபி மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உள்ளே ஒரு டாக்டர், வெளியே நூற்றைம்பது பேர். சித்தப்பாவுக்கு மூன்று கேள்வி. தூங்குறாரா, சாப்பிடுறாரா, மாத்திரை போடுறாரா. மூன்றையும் அப்பாவிடம்தான் கேட்பார்கள். பக்கத்து ஸ்டூலில் சித்தப்பா தானே நேரில் உட்கார்ந்திருந்தும், வர முடியாத யாரோ ஒருவருக்காக அப்பா மாத்திரை வாங்க வந்த மாதிரி இருக்கும். சாப்பிடுகிறார் என்று அப்பா சொன்னால் டாக்டர் முகத்தில் ஒரு திருப்தி வரும். எவ்வளவு சாப்பிடுகிறார் என்பது நாலாவது கேள்வி. நாலாவது கேள்விக்கு நேரமில்லை.

அந்த அறைக் கதவுக்குப் பின்னால் ஓர் எடை மெஷின் இருந்தது. இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதன்மேல் பழைய ரிஜிஸ்டர்களைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். முள் எப்போதும் 38 கிலோவில் நிற்கும். ரிஜிஸ்டர்களின் எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அத்தனை வருஷமும் ஒரே சீராகக் கண்காணிக்கப்பட்டது. அவற்றுக்கு மாரடைப்பு வர வாய்ப்பே இல்லை.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மாத்திரை சித்தப்பாவைக் காப்பாற்றியது. ராத்திரி முழுக்க ஓட்டின்மேல் ஆள் நடக்கிறான் என்று கத்திக்கொண்டிருந்தவர், அது வந்த பிறகுதான் தூங்கினார். என்னை சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டார். அந்த மாத்திரைக்கு ஓலான்சபின் என்று பெயர். அது மனதை அடக்கும்போதே பசியைக் கிளப்பிவிடும். சாதாரணப் பசி இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து இருட்டில் பானையில் கைவிட்டுத் தண்ணீரில் கிடக்கும் சோற்றைப் பிழிந்து பிழிந்து தின்கிற பசி. சப்தம் கேட்டு அம்மா லைட்டைப் போடுவாள். கையில் சோற்றோடு அப்படியே நிற்பார். அந்த முகத்தை நான் எழுத விரும்பவில்லை. “கொஞ்சமாவது கட்டுப்பாடு வேணாமா” என்று வீட்டில் எல்லோரும் திட்டினோம். பசி மாத்திரையோடு வருகிறது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சொல்லத் தெரியாமல் இல்லை. இந்த மருந்துகளை ஆரம்பிக்கும் முன் எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும், எடையை 4, 8, 12ஆம் வாரங்களில் மறுபடி பார்க்க வேண்டும், அப்புறமும் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் சர்க்கரை நோய் டாக்டர்களும் மனநல டாக்டர்களும் ஒன்றாக உட்கார்ந்து 2004இலேயே எழுதிவிட்டார்கள். அதற்கும் முன்னால், இந்த மாத்திரை எதுவுமே பிறக்காத 1879இல், மனநோய் உள்ள குடும்பங்களில் சர்க்கரை நோயும் அடிக்கடி தென்படுகிறது என்று லண்டன் டாக்டர் ஹென்றி மாட்ஸ்லி எழுதி வைத்தார். எடை ஏறுவதைத் தடுக்க மெட்ஃபார்மின் உதவுகிறது என்பதும் தெரிந்ததுதான். இடுப்பளவு எடுக்கத் தேவையான கருவி பெட்டிக்கடைக்குப் பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கிறது. சில்லறை இருந்தால் போதும். எங்கள் ஜில்லாவில் அது பாயிடம் இருந்தது, ஆஸ்பத்திரியில் இல்லை.

ஆகவே அரசுக்கு என் பணிவான யோசனை. நடைமுறையில் இருப்பதை ஒளித்து வைப்பானேன்? ஓர் அரசாணையாகப் போட்டுவிடுங்கள். மனநல ஓபியில் நோட்டுப் போட்ட தேதி முதல் மேற்படி நபருக்கு உடல் இல்லை எனக் கருதப்படும் என்று ஒரே ஒரு வரி. கீழே சில விதிவிலக்குகள் சேர்க்கலாம். ரேஷன் அரிசி வாங்கும் நோக்கத்துக்கு வயிறு இருப்பதாகக் கொள்ளலாம். ஊசி போடும் நோக்கத்துக்கு இடுப்பு உண்டு. சங்கிலி போடும் நோக்கத்துக்குக் காலும் கையும் உண்டு. மற்றபடி நெஞ்சுவலி, கால் புண், மூச்சிரைப்பு முதலியவற்றைக் கோரும் உரிமை மேற்படி நபருக்குக் கிடையாது. எவ்வளவு மிச்சமாகும், பாருங்கள். ஈசிஜி பேப்பர் மட்டுமே எத்தனை சுருள்!

சங்கிலி என்றதும் முகம் சுளிக்கிறீர்கள். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இந்த ஜனங்களுக்கும் உடம்பு என்று ஒன்று உண்டு, அது எரியும் என்பதை நாடே அன்றைக்குக் கண்டுபிடித்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. தலைவர்கள் அதிர்ந்தார்கள். தீக்கு மட்டும் எந்த டிபார்ட்மென்ட் கேஸ் என்று கேட்கத் தெரியவில்லை. கேட்டிருந்தால் நாலு பேர் பிழைத்திருப்பார்கள்.

பிறகு சட்டம் வந்தது. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. 95ஆம் பிரிவு சங்கிலியை எந்த வடிவத்திலும் கூடாது என்று தடுக்கிறது. 21ஆம் பிரிவு இன்னும் அருமை. உடல் நோயாளிக்கு என்னென்ன சேவை உண்டோ அவையெல்லாம் அதே விதமாக, அதே அளவில், அதே தரத்தில் மனநோயாளிக்கும் உண்டு என்கிறது. ஆம்புலன்ஸ்கூட. இன்ஷூரன்ஸ்கூட. அதைப் படித்துவிட்டு நான் அழுதிருக்கிறேன். சட்டப் புத்தகத்தைப் படித்து அழுத ஆள் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சங்கிலியைச் சட்டம் எடுத்துவிட்டது. அந்த இடத்தில் ரெஃபரல் சீட்டு வந்தது. இதற்குப் பூட்டு தேவையில்லை. அதைக் கையில் கொடுத்துவிட்டால் ஆள் தானே சுற்றிச் சுற்றி வருவார்.

எப்படி என்று கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. நல்ல திட்டம், கிண்டல் இல்லாமல் சொல்கிறேன். எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் பை மாட்டிக்கொண்டு வந்தாள். அப்பத்தாவுக்குப் பிரஷர் பார்த்து அம்லோடிபின் கொடுத்தாள். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது மாசமோ நாலாவது மாசமோ, ஒன்றும் சொல்லாமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார். லிஸ்டில் அவர் பெயர் கிடையாது. “அண்ணனுக்கும் பாத்துருவோம்” என்று அவள் பட்டையைக் கட்டினாள். வெளியாள் ஒருத்தர் அவரைத் தொட்டு ரொம்ப நாளாகியிருந்தது. பட்டை இறுகும்போது சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். 170க்கு 110. அவள் பதறிப்போய், “அண்ணே, நாளைக்கே டாக்டரப் பாத்துருங்க” என்று எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். நோட்டைப் பார்த்ததும் சின்ன வயசு டாக்டர் பின்வாங்கினார். “பெரிய மாத்திரையெல்லாம் போறது போல. நாங்க ஒண்ணு குடுத்து ஒத்துக்காமப் போயிட்டா? மனநல டாக்டர்ட்டயே இதையும் எழுதச் சொல்லிருங்க.” 40 கிலோமீட்டர் பஸ். மாடிப்படிக்கு அடியில், “பிரஷரா? அது மெடிசின் ஓபிங்க.” மெடிசின் ஓபியில் முதல் கேள்வியே “வயலன்ட் ஆவாரா?” என்று. இரண்டாவது, “சைக்கியாட்ரி ஒப்பீனியன் வாங்கிட்டு வாங்க.” நாங்கள் திரும்பி ஓடியபோது பன்னிரண்டு மணி ஆகிவிட்டது, கவுன்ட்டர் சாத்தியாயிற்று. சீட்டில் மூன்று பேர் கையெழுத்து. மாத்திரை ஒன்றும் இல்லை.

ஆக, ஒரே வீடு, ஒரே பிரஷர். தாய்க்கு வாசலில் மாத்திரை. மகனுக்குப் பஸ் ஸ்டாண்டு. பிறகு ரொம்ப நாள் கழித்து ஒரு விஷயம் தெரிந்தது. அப்பத்தா தினமும் தன் மாத்திரையை வெற்றிலைப் பாக்கு வெட்டியால் இரண்டாக வெட்டி, பாதியை மகனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தின் ஆரம்ப சுகாதார நிலையம் அந்தப் பாக்கு வெட்டிதான். 24 மணி நேரமும் இயங்கியது. ரெஃபரல் கேட்டதில்லை.

டாக்டர்களுக்காகவும் கொஞ்சம் பேச வேண்டும். அந்தச் சின்ன டாக்டர் பயந்ததில் ஆச்சரியமில்லை. எம்பிபிஎஸ் படிப்பில் மனநலம் தனித் தேர்வுப் பாடம் கிடையாது, மெடிசின் பாடத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். பரீட்சைக்கு வராத பாடத்தை எந்தத் தமிழ்ப் பிள்ளை படித்தது? எல்லா அரசு மருத்துவ அதிகாரிகளுக்கும் அடிப்படை மனநலப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது. அது புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் இந்தச் சலுகையை மனநல டாக்டருக்கு என்னால் தர முடியவில்லை. அவரும் முதலில் எம்பிபிஎஸ்தானே? பிணத்தை அறுத்துப் படித்தவர்தானே? நாடி பிடித்தவர்தானே? ஸ்டெதாஸ்கோப்பை எந்த வருஷம் ஆணியில் மாட்டினார், ஏன் மாட்டினார் என்று கேட்க எனக்கு இன்றும் ஆசை.

1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தபோது அதன் கனவே மனநல சிகிச்சையைச் சாதாரண ஆரம்ப மருத்துவத்தோடு கலந்துவிடுவதுதான். 1996இல் மாவட்ட மனநலத் திட்டம். அதைத் தொடங்கிய முதல் மாநிலங்களில் நம்முடையதும் உண்டு, பெருமைப்படலாம். அதற்குப் பிறகும், 2015-16இல் நிம்ஹான்ஸ் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், கடுமையான மனநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் சிகிச்சையே இல்லாமல் இருந்தார்கள். என் சித்தப்பா அதிர்ஷ்டசாலிக் கால்வாசியைச் சேர்ந்தவர். தலைக்கு வைத்தியம் கிடைத்தவர். அந்த அதிர்ஷ்டத்தின் இடுப்பளவு 43.

யோசித்துப் பார்த்தால் பழைய ஆட்கள்கூட இவ்வளவு மோசமில்லை. பைத்தியத்தைப் பித்தத்தில் வைத்தார்கள். பித்தம் தலைக்கேறிவிட்டது என்றார்கள். பித்தம் ஏற ஓர் உடம்பு வேண்டுமே! எலுமிச்சம்பழத்தை உச்சியில் தேய்த்தார்கள், எண்ணெய் வைத்தார்கள், பத்தியம் போட்டார்கள். நோய் தீர்ந்ததா என்றால் இல்லை. அதே ஆட்கள்தான் வேப்பிலையாலும் பிரம்பாலும் அடித்தார்கள், சூடு போட்டார்கள். அவர்களைக் கொண்டாட நான் வரவில்லை. ஆனால் தேய்க்கவோ அடிக்கவோ ஓர் உடம்பு அங்கே இருப்பதாக அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் நாகரிகமடைந்துவிட்டோம், தொடுவதில்லை. 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் நடக்கும் ஓர் ஆஸ்பத்திரியின் ஊர்ப் பெயரையே வசவாக்கி, சினிமாவில் சிரித்து, அந்த வசவை மெடிசின் ஓபி வரிசையில் நிற்பவர் காதிலும் போடுகிறோம். “கீழ்ப்பாக்கம் கேஸெல்லாம் இங்க எதுக்குய்யா வருது?” என்று ஒருவர் சொன்னதைச் சித்தப்பா கேட்டார். எனக்குக் கேட்டதா என்று திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குக் கேட்காத மாதிரி நின்றேன்.

என் பங்கும் இதில் உண்டு. பீடியைச் சொல்ல வேண்டும். “ஒரு கட்டு பீடி வாங்கிக் குடுத்துட்டாப் போதும், அமைதியா இருப்பாரு” என்பது எங்கள் வீட்டுச் சித்த வைத்தியம். கல்யாணம், காதுகுத்து, விருந்தாளி வரும் நாள் எதுவானாலும் அவரைப் பின்கட்டில் உட்காரவைத்து இரண்டு கட்டு கொடுத்துவிடுவோம். நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அப்பாவுக்குப் பீடியை நிறுத்தச் சொல்லி எத்தனை டாக்டர்கள் மிரட்டினார்கள்! சித்தப்பாவிடம் ஒருவர் சொன்னதில்லை. “பாவம், அவருக்கு இருக்குற ஒரே சந்தோஷம்.” இதில் இன்னொரு கூத்து உண்டு. புகை ஓலான்சபினை உடம்பிலிருந்து சீக்கிரம் கழித்துவிடும். புகைக்கிறவருக்கு மருந்து பத்தாது. பத்தவில்லை என்றால் டோஸ் ஏறும். டோஸ் ஏறினால் பசி ஏறும். பீடி எத்தனை என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அது ஐந்தாவது கேள்வி.

பிரிட்டனில் குடும்ப டாக்டர்கள் கடும் மனநோய் உள்ளவர்களுக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு எடை, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, புகை, குடி ஆறையும் பார்க்க வேண்டும். அங்கேயும் எல்லோருக்கும் நடந்துவிடுவதில்லை. ஆனால் எத்தனை பேருக்கு நடக்கவில்லை என்று எண்ணவாவது செய்கிறார்கள். எண்ணினால்தானே வெட்கம் வரும். இங்கே பை மாட்டிய அந்தப் பெண்ணின் லிஸ்டில் மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களின் பெயரைச் சேர்க்க எத்தனை கோடி ஆகிவிடும்? பேனா வேண்டும், அவ்வளவுதான். பட்டை ஏற்கெனவே அவள் பையில் இருக்கிறது.

கடைசிக் கதைக்கு வருகிறேன். போன ஐப்பசி. தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. சித்தப்பா காலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து, “நெஞ்சுக்குள்ள லாரி ரிவர்ஸ் எடுக்குதுடா” என்றார். வியர்த்துக் கொட்டியது. ஆட்டோ பிடித்துப் போனோம். டாக்டரிடமும் அதையே சொன்னார். “லாரி ரிவர்ஸ் எடுக்குது சார்.” டாக்டர் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, வருத்தமாக, ரகசியமாகக் கேட்டார். “மாத்திரைய விட்டுட்டாரா?”

இல்லை என்றேன். அப்படியானால் டோஸ் பத்தவில்லை போலிருக்கிறது, பதற்றம், தூங்கினால் சரியாகிவிடும் என்று ஊசி போட்டார். இடுப்பு இருந்தது, அதற்கு. “ஒரு ஈசிஜி எடுத்துப் பாக்கலாங்களா சார்” என்று கேட்டேன். “ஒத்துழைக்க மாட்டாருங்க” என்றார். சித்தப்பா சட்டைப் பட்டனைத் தானே கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து பெட்டில் ஒரு மளிகைக்கடைக்காரர். அவர் சொன்னது, “நெஞ்சுல பாறாங்கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குங்க.” ஐந்து நிமிஷத்தில் ஒயர்களைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். பாறாங்கல் வைத்தால் இதய நோய், லாரி விட்டால் மனநோய். உவமை சொல்வதற்கும் ஒரு தராதரம் வேண்டியிருக்கிறது இந்த நாட்டில். சித்தப்பா மட்டும் தேய்ந்த பழைய உவமையையே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். அவர் கண்டதைச் சொன்னார். எங்கள் வீட்டு வாசலில்தான் தினமும் அரிசி ஆலை லாரிகள் ரிவர்ஸ் எடுக்கும்.

ஊசியில் தூங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை. 51 வயது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருஷம் முன்னாலேயே இறக்கிறார்கள், பெரும்பாலும் தடுக்கக்கூடிய உடல் நோய்களால், என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் கணக்கில் பிசகில்லாமல் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவர் விடாமல் அப்பாவின் கையைப் பிடித்து, “புண்ணியவான், கஷ்டப்படாமப் போய்ட்டாரு. ஒங்களுக்கும் ஒரு விடுதலதான்” என்றார்கள். ஒருவர்கூட “என்ன, இந்த வயசுல?” என்று கேட்கவில்லை. 51 வயதில் வேறு எவன் செத்தாலும் இந்த ஊர் முதலில் கேட்பது அதைத்தான். அப்பத்தா மட்டும் மாத்திரை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

சாயந்திரம் டெய்லர் பாய் வந்தார். கையில் மாலையும் ஒரு மஞ்சப்பையும். தீபாவளிப் பேன்ட். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்பாவுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், பேன்ட்டை எடுத்து இடுப்புப் பட்டியை உள்பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

“44 வெச்சு தெச்சேண்ணே. உள்ள ரெண்டு இஞ்சி துணி மடிச்சு விட்டுருக்கேன். அடுத்த வருசம் ஒடம்பு வெச்சா பிரிச்சு விட்டுக்கலாம்னு.”